வாசலில் செருகும் தழையை வாயில் இடலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேப்பிலைச் சாற்றை நாள்தோறும் வெறும் வயிற்றில் பருகலாம் என்று தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்த நாள் முதல் எனக்கு மனம் அமைதிப்படவில்லை. டர்பன் வட்டாரத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வேப்பிலை என்று சொல்லிப் பறிக்கப்படுவது வேம்பின் இலை அன்று. சிரிங்கா மரத்தின் இலை.

1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தத் தொழிலாளர்களை இங்கே முதன்முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோரும், மாரியம்மனுக்குச் சாத்தத் தழை தேடியபோது வேம்பின் சாயலில் நின்ற இம்மரத்தையே வேம்பாக ஏற்றுக்கொண்டார்கள். அதை நான் குறை கூற மாட்டேன். எனக்கு அம்மை போட்டிருந்தபோது என் பாட்டி வாசல் நிலையில் செருகியதும், அரிப்பு எடுக்கும் இடத்தில் நகம் படாதபடி மெல்ல வருடியதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வீட்டைச் சுற்றி வீசியதும் சிரிங்காத் தழைதான். புண்பட்ட வீரனைக் காக்க வீட்டில் வேம்பு செருகி, ஐயவி எனப்படும் வெண்கடுகைத் தூவி, நறும்புகை எழுப்பியதைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் சொல்கிறது. அந்தக் காப்பு வழக்கம் கடல் கடந்தும் அறுபடாமல் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததில் எனக்குப் பெருமையே உண்டு. ஆயினும் அதே பாட்டி அந்த இலையில் ஒன்றைக்கூட எங்கள் வாயில் வைக்க விட்டதில்லை. ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

சிரிங்கா, வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆனாலும் வேறு மரம். அதன் பழத்தில் நஞ்சு இருக்கிறது. நஞ்சின் அளவு மரத்துக்கு மரம் மாறுவதால், ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மற்றொருவர் நம்பிவிட முடியாது. உண்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், வலிப்பு வரை நேரலாம். பன்றிகள் தின்று மடிந்ததுண்டு. பறவைகள் அப்பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதால், தென்னாப்பிரிக்க அரசு இம்மரத்தை ஆக்கிரமிப்புத் தாவரமாகவும் அறிவித்திருக்கிறது. தமிழில் இதை மலைவேம்பு என்பவர்கள் உண்டு; தமிழ்நாட்டில் அப்பெயர் மற்றொரு மரத்துக்கும் வழங்குவதால், மலைவேம்புச் சாறு பற்றிய குறிப்புகளைப் படித்துவிட்டு இங்குள்ள மரத்தில் கை வைப்பது இரட்டைப் பிழையாகும்.

இரண்டையும் வேறுபடுத்துவது கடினமன்று. வேம்பில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் இலைகள் நேராக அமைந்து, அரிவாள் போல் சற்று வளைந்திருக்கும். சிரிங்காவில் நடு ஈர்க்கிலிருந்து சிறு ஈர்க்குகள் பிரிந்து, அவற்றில்தான் இலைகள் இருக்கும். வேப்பம்பூ வெண்மை, சிரிங்காப் பூ இளம் ஊதா. வேப்பம்பழம் கனிந்தவுடன் உதிர்ந்துவிடும். சிரிங்காவின் மஞ்சள் மணிகளோ இலை உதிர்ந்த பிறகும் கொத்துக் கொத்தாகக் கிளையில் தொங்கும். ஆடியில் நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் காலம் இங்கே குளிர்காலம் ஆதலால், தழைக்காக ஆள் ஏறும் மரத்தில் இலையைவிடப் பழமே மிகுதியாக இருக்கும். அடியில் சிந்திக் கிடக்கும் மணிகளைப் பிள்ளைகள் பொறுக்குவதை நான் பலமுறை கண்டு தடுத்திருக்கிறேன்.

உண்மையான வேம்பையும் குழந்தைகளிடம் அளவறியாமல் கையாளலாகாது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் கடுமையாக நோயுற்றதை மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இடம் தந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆகவே, வேம்பின் ஈர்க்கையும் சிரிங்காவின் ஈர்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படத்தை வரும் ஆடிக்கு முன் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து எங்கள் கோயில் மடைப்பள்ளிச் சுவரில் ஒட்டிவைக்க எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா