உன் பெயருக்கு அர்த்தம் புது வீடு

அன்புள்ள சேவியர்,

மெயில் பார்த்தேன். மகளுக்கு இங்கே ஸ்பெயினில், வலென்சியாவிலேயே சீட் கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம், ஊர்ப்பிள்ளை ஒன்று பக்கத்தில் இருக்கும். என் முட்டிவலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. சரி, “இந்த ஸ்பானிஷ்காரங்க யாருப்பா, எங்கிருந்து வந்தாங்க” என்று மகள் கேட்டதற்கு நீ முழித்தாயாமே.

உன் பெயரிலிருந்தே தொடங்கலாம். நம் தூத்துக்குடிக் கரைக்கு வந்த சவேரியாரை, அதான் பிரான்சிஸ் சேவியரை, போர்த்துகீசியர் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்? கப்பல்தான் போர்த்துகீசியர்களுடையது. அவர் 1506இல் பிறந்தது நவார் என்ற தனி ராஜ்யத்தில். அவருக்கு ஆறு வயதாகும்போது பக்கத்து ராஜ்யங்களான காஸ்டில், அரகான் படைகள் வந்து அதைப் பிடித்துக்கொண்டன. அண்ணன்மார் எதிர்த்துச் சண்டை போட்டார்கள், அதற்காகக் காஸ்டில்காரர்கள் குடும்பக் கோட்டையின் மதிலை இடித்துத் தள்ளினார்கள். சேவியர் என்பதே ‘எச்செ பெர்ரி’ என்ற பாஸ்க் வார்த்தையிலிருந்து வந்ததுதான். அர்த்தம், புது வீடு. ரோமர்கள் வருவதற்கு முன்பே இருந்த மொழி அது, இன்று பேசப்படும் வேறு எந்த மொழியோடும் சொந்தம் கிடையாது, இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற எல்லா இடத்திலும் லத்தீன்தான் ஜெயித்தது. கி.மு. 218இல் வந்து இறங்கிய ரோமர்களுக்கு முழு நிலத்தையும் அடக்க இருநூறு வருஷம் பிடித்தது, ஆனால் அப்புறம் செவில் பக்கத்துக் குடும்பத்து டிராஜன் ரோமுக்கே சக்கரவர்த்தி ஆகிவிட்டான்! அதற்குப் பின் விசிகோத்துகள் என்ற ஜெர்மானியக் கூட்டம். டொலேடோவில் உட்கார்ந்து ஆண்டார்கள், விட்டுப்போனது கொஞ்சம்.

711இல் தாரிக் என்ற முஸ்லிம் தளபதி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டினார். கிப்ரால்டர் என்றால் தாரிக்கின் மலை. இங்கே எல்லோரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு: பழைய சனம் போய் அரபுகள் குடியேறினார்கள் என்று. வந்தவர்கள் கொஞ்சம்தான், இருந்த சனம்தான் மெல்ல மெல்ல மதமும் பேச்சும் மாறியது. கோர்டோபா மசூதிக்குள் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். தூண்கள் பல ரோமானிய, விசிகோத்துக் கட்டடங்களிலிருந்து பெயர்த்தவை, ஒன்றுக்கொன்று நிறம்கூடப் பொருந்தாது; நட்டநடுவில் பிற்பாடு எழுப்பிய கதீட்ரல். எனக்கு அந்தக் கதீட்ரல்தான் பிடிக்கவில்லை, உன் சாமியாரிடம் சொல்லிவிடாதே.

1492 மட்டும் அவள் மனப்பாடம் பண்ணட்டும். ஜனவரியில் கடைசி முஸ்லிம் ராஜ்யமான கிரனாடா விழுந்தது, மார்ச்சில் யூதர்களை மதம் மாறு அல்லது வெளியேறு என்றார்கள், ஆகஸ்டில் கொலம்பஸ் கிளம்பினார். துரத்தப்பட்ட யூதர்கள் இஸ்தான்புல்லிலும் தெசலோனிக்கியிலும் நானூறு வருஷத்துக்கு மேல் வீட்டுக்குள் ஸ்பானிஷ்தான் பேசினார்கள் என்றால் பார்த்துக்கொள். மதம் மாறிய முஸ்லிம்களையும் விடவில்லை, 1609 முதல் 1614 வரை சுமார் மூன்று லட்சம் பேரைக் கப்பலேற்றினார்கள். வலென்சியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சனம் போனது.

அவர்கள் காலத்துப் பாசன வாய்க்கால்கள் மட்டும் போகவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு அவளைக் கதீட்ரல் வாசலுக்குக் கூட்டிப்போகிறேன். எட்டு விவசாயிகள் கறுப்பு மேலங்கியோடு வட்டமாக உட்கார்ந்து தண்ணீர்த் தகராறு விசாரிப்பார்கள், வக்கீல் இல்லை, காகிதம் இல்லை, தீர்ப்பு அங்கேயே. பல வாரம் வழக்கே வராது, ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள், டூரிஸ்ட்கள் ஏமாந்து நிற்பார்கள். வாய்க்காலுக்கு இங்கே அசேக்கியா என்று பெயர், அரபுச் சொல். ‘இறைவன் விரும்பினால்’ என்ற அரபுப் பேச்சுதான் தேய்ந்து ‘ஒஹலா’ ஆனது, ஞாயிறு பூசைக்குப் போகிற பாட்டியும் அதைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுவாள்.

இன்னொன்று, சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் காஸ்டில்காரர் மொழிதான், அதாவது நாம் ஸ்பானிஷ் என்பது; கத்தலானும் பாஸ்கும் வீட்டுக்குள் பதுங்கின. 1975இல் அவர் செத்து 1978இல் அரசியல் சாசனம் வந்தபின்தான் நிலைமை மாறியது. அதனால் இங்கே தெருப் பலகையில் வலென்சியானோ மொழியை, கத்தலானின் இந்த ஊர் வடிவத்தை, பார்த்து “ஸ்பானிஷ் தப்பா எழுதியிருக்காங்க” என்று சொல்லித் தொலைக்காமல் இருக்கச் சொல்.

அப்புறம், ஆரஞ்சு தோட்டத்துக்கு நடுவில்தான் குடியிருக்கிறேன். இவர்கள் ‘நரான்ஹா’ என்பதும் நம் நாரத்தையும் ஒரே வேர்தான். ஆனால் ஊறுகாய் போடத் தெரியாத சனம். அம்மா கையால் போட்ட நாரத்தங்காய் ஒரு பாட்டில் அவளிடம் கொடுத்துவிடு, மூடியை நன்றாக ஒட்டி.

அன்புடன்,
குமார்