ஆரம்ப ஜெபத்துக்கு அடுத்த வரி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துச் சபைகளில் பொறுப்பில் இருக்கும் ஆயர் ஐயாக்களுக்கும் மூப்பர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் 11 வருடம் பொருளாளராக இருந்தேன். போன மாதம் பொறுப்பை ஒப்படைக்கும்போது பழைய மினிட்ஸ் நோட்டுகளைப் புரட்டினேன். பாதிக்கு மேல் என் கையெழுத்துதான். ‘ஆரம்ப ஜெபத்துடன் கூட்டம் தொடங்கியது’ என்று ஒவ்வொரு கூட்டமும் ஆரம்பிக்கிறது. அடுத்த வரியிலேயே வரவு செலவு. ‘இந்தக் காரியத்தில் கர்த்தருடைய சித்தம் தெரியும்வரை காத்திருப்பதென்று தீர்மானிக்கப்பட்டது’ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரு இடத்தில்கூட இல்லை.

நாங்கள் எதையும் கெடுத்துவிடவில்லை. சுற்றுச்சுவர் கட்டினோம், கடன் வைக்கவில்லை, கணக்கு எந்த வருடமும் உதைக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. எல்லாம் நடந்தது, அவரைக் கேட்காமலே நடந்தது.

வேதாகமத்தின் இரண்டாம் நாளாகமத்தில் யூதாவை ஆண்ட ஆசா ராஜாவை எடுத்துப் பாருங்கள். எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் வந்தபோது, உம்மைச் சார்ந்து வந்தோம் என்று கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டவன் அவன். ஜெயித்தான். அப்புறம் அவனுடைய 36ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா, ராமா என்ற ஊரைக் கட்டி யூதாவுக்குப் போகவர இருந்த வழியை அடைத்தான். ஆசா இந்த முறை கூப்பிடவில்லை. ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து சீரியா ராஜாவுக்கு அனுப்பி உதவி வாங்கினான். திட்டம் பலித்தது. பாஷா வேலையை நிறுத்திவிட்டுப் போனான். அவன் விட்டுப்போன கல்லையும் மரத்தையும் கொண்டுவந்து ஆசா இரண்டு ஊர்களைக் கட்டினான். நாமாக இருந்தால் நன்றித் தீர்மானம் போட்டிருப்போம். அனானி என்ற ஞானதிருஷ்டிக்காரன் மட்டும் வந்து, கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் போனாயே என்று கேட்டான். அவனைக் காவலறையில் வைத்தான் ராஜா. மூன்று வருடம் கழித்துக் காலில் வியாதி வந்தபோதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை, வைத்தியர்களையே தேடினான்.

வைத்தியரிடம் போனதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவன்தான். அதனால் இரண்டு மாதம் எண்களைப் பார்க்க முடியவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு கல்லூரி மாணவி கணக்கை வாசிக்க, நான் கண்ணை மூடியபடி கமிட்டியில் உட்கார்ந்திருந்தேன். பேச என்னிடம் எதுவும் இல்லை. ஜெபிக்க மட்டும் முடிந்தது. ஒரு கமிட்டிக் கூட்டம் முழுக்க நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை. கண் தெளிந்த கையோடு நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடியே ஆகிவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சரி, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா சொல்கிறேன்? இல்லவே இல்லை. நம்முடையது வானம் பார்த்த பூமி. அதற்காக நம் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், வரத்துக்காலைத் தூர்வாரினார்கள். மண்வெட்டி பிடித்த யாரும் மழையைத் தான் கொண்டுவந்ததாகச் சொன்னதில்லை. ஐப்பசியில் வானத்தைப் பார்த்துத்தான் நின்றார்கள். வேலை செய்துவிட்டு அப்படி நிமிர்ந்து பார்ப்பதைத்தான் நாங்கள் விட்டுவிட்டோம்.

பொறுப்புக்கு ஆள் தேடும்போது மேடையில் பேசத் தெரியுமா, வசூல் பண்ணத் தெரியுமா, ஆபீஸ்களில் காரியம் முடிக்கத் தெரியுமா என்று விசாரிக்கிறோம். அவர் முழங்காலில் நிற்கிறவரா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபைக்கு முன்னால் சொல்லக்கூடியவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. அப்படித்தான் என்னையும் தேர்ந்தெடுத்தார்கள். தயவுசெய்து இந்த முறை விசாரியுங்கள்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவற்றில் ஒரே ஒரு பொருளை, அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த பொருளை, ஓட்டுக்கு விடாமல் எடுத்துவையுங்கள். ஒரு மாதம் அதற்காக ஜெபியுங்கள். எங்கள் புதிய பொருளாளர் மேற்கூரை வேலையை அப்படி வைக்கச் சம்மதித்திருக்கிறார். நான் தேடிக் கிடைக்காத வரியை அன்றைக்கு அவர் கையால் எழுதுவார்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
தேவகோட்டைப் பக்கத்துச் சிறு சபை ஒன்றின் முன்னாள் பொருளாளர்