பெட்டிக்கடை சிகரெட்டுக்குத் தனி உரிமம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கஞ்சாக் கடைகளை உள்ளாட்சிகள் பதிவு செய்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா விற்பது குற்றம். அது அப்படியே இருக்கட்டும். எனக்கு உறைத்தது வேறு விஷயம்: ஒரு கடையை எப்படிக் கண்காணிப்பது என்று அவர்கள் யோசித்திருக்கும் விதம்.

2023-ல் அங்கே 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சாவை அனுமதித்தார்கள். ஆனால் மாநிலத்தின் உரிமம் மட்டும் கையில் இருந்தால் போதாது, உள்ளாட்சியிலும் பதிவு செய்த பிறகுதான் சில்லறை விற்பனை. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் கடை கூடாது என்று உள்ளாட்சி சொல்லலாம். வயது நிரம்பாத ஓர் இளைஞரை மேற்பார்வையோடு கடைக்கு அனுப்பி, வயதைக் கேட்கிறார்களா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்தே ஆக வேண்டும். பதிவில்லாமல் விற்றால் 2,000 டாலர் வரை அபராதம்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு காலை நேர வியாபாரத்தில் வந்துவிடும் பணம்!

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில், பள்ளி மதில் முடியும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை. கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் சிகரெட் பாக்கெட்டுகள், தூணில் கயிறு கட்டிய லைட்டர். வயதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் இருக்கிறது, ஷாம்பு பாக்கெட் சரங்களுக்குப் பின்னால். சீருடையில் வரும் பையன் ஒரு சிகரெட் கேட்டால், "யாருக்குடா?" என்பார்கள். "அப்பாவுக்கு" என்றால் சரி, கொடுத்துவிடுவார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனசு கேட்பதில்லை.

புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், அந்தக் கடைகளில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட் விற்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. மிட்டாய் வாங்கப் போகும் குழந்தையின் கண்ணில் சிகரெட் படக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சென்னை மாநகராட்சி இதைக் கையில் எடுக்க வேண்டும்.

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இப்படிப்பட்ட கடையை நம்பித்தான் எத்தனையோ வயதானவர்களும், கணவனை இழந்த பெண்களும் அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உரிமம் என்றாலே அவர்களுக்கு மாமூல் பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது. அதனால் கட்டணம் மிகக் குறைவாக இருக்கட்டும்; பதிவு எண்ணைக் கடை முகப்பில் எழுதிவைக்கட்டும்; வார்டுவாரியாகப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். பள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, புகையிலையை விட்டுவிட்டு மற்ற சாமான்களை விற்க அவகாசம் கொடுக்கலாம். ஒரேயடியாகக் கடையைத் தூக்கச் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களிலாவது பள்ளிகளைச் சுற்றி 100 கஜத்தை அளந்து, அதற்குள் வரும் கடைகளைக் கணக்கெடுக்கும்படி மேயரையும் ஆணையரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81