தம்பிக்கு, உன் பணத்தை ஒப்படைக்கும் முன்

தம்பி,

முடிவெடுத்துவிட்டேன். இத்தனை வருடம் என் பொறுப்பில் இருந்த உன் பணத்தை ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே ஒப்படைக்கிறேன். எவ்வளவு, ஏன் என்னிடம் வந்தது என்பதெல்லாம் உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நேரில் பேசினால் இரண்டு பேரும் கத்திவிடுவோம், அதனால்தான் எழுத்து. அதையும் ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்காதே. குடும்ப குரூப்பில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிற மாதிரி எழுதி முதலில் ஆரம்பித்தது நீ.

அந்த ராத்திரி, நீ சேர்ந்திருக்கிற முதலீட்டுத் திட்டத்தைக் காட்டப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். பச்சை எழுத்தில் ஒரு தொகை, விரலால் கீழே இழுத்துவிட்டதும் இன்னும் கொஞ்சம் கூடியது. "மாசம் 3 சதவீதம் அக்கா, நிச்சயம்." சின்ன வயதில் எதையாவது ஜெயித்துவிட்டு ஓடி வருவாயே, அதே முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் "இந்த லாபம் எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் வருதே" என்றாய். கேட்டதற்கு அது பதிலே இல்லை. அப்புறம்தான் ஏதோ ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் காலம் ஏறக்குறைய வந்துவிடும். 72ஐ 3ஆல் வகுத்தால் 24, அதாவது 24 மாதம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரட்டித்தால் இருபது வருடத்தில் ஆயிரம் மடங்குக்கு மேல். அப்படி ஒரு வழி தெரிந்தவன் எதற்கு உன்னிடமும் என்னிடமும் வந்து பணம் கேட்கிறான்?

உன் மனைவி முன்னால் அதைச் செய்திருக்கக் கூடாது. அவள் எழுந்து உள்ளே போனதைப் பார்த்தேன். அதற்கு மன்னித்துக்கொள். கணக்குக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன்னைச் சேர்த்துவிட்டவரைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை, அவர் வீட்டாரும் இதைப் படிப்பார்கள். பழைய கதை ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீதம் என்று சொல்லி, புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு லாபமாகக் கொடுத்தார். முதலில் போட்டவர்களுக்கு நிஜமாகவே கிடைத்தது, அவர்கள்தான் அடுத்தவர்களைக் கூட்டி வந்தார்கள். அமெரிக்காவில் இதே மோசடியைச் செய்து 2008 டிசம்பரில் பிடிபட்ட பெர்னி மேடாஃப் இன்னும் சாமர்த்தியம். பேராசை காட்டவில்லை, சந்தை எப்படி ஆடினாலும் ஆடாத லாபத்தைக் காகிதத்தில் காட்டினார். பங்கு என்றால் ஏறும், இறங்கும். ஆடாத இடத்தில் வட்டி குறைவாகத்தான் இருக்கும். நிறையவும் வரும், நிச்சயமாகவும் வரும் என்று எவராவது சேர்த்துச் சொன்னால் அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"அக்காவுக்கு ரிஸ்க்னாலே பயம்" என்று எழுதினாயே, அதை எத்தனை பேர் லைக் செய்தார்கள் என்றும் பார்த்தேன். உனக்கு வேலை போனபோது வாடகை எதிலிருந்து போனது? ஆறு மாதச் செலவை எடுத்துத் தொடாமல் வை என்று உன்னிடம் சண்டை போட்டு வைத்த பணத்திலிருந்து. பயந்தவள் வைத்தது அது. சரி, விடு.

மீதியைக் குறியீட்டு ஃபண்டில்தான் போட்டிருக்கிறேன், உனக்குப் பிடிக்காத அந்தச் சப்பையான ஃபண்டில். எந்தப் பங்கு ஏறும் என்று ஊகிக்காமல் குறியீட்டில், அதாவது சந்தையை அளக்க வைத்திருக்கும் பங்குப் பட்டியலில், உள்ள எல்லாவற்றையும் வாங்கி வைப்பது, 1976இல் அமெரிக்காவில் ஜான் போகல் என்பவர் சாதாரண ஆட்களுக்கென்று தொடங்கிவைத்த வழி. செலவு குறைவு என்பதுதான் அதன் பெரிய பலம். வருடம் 7 சதவீதம் வளர்ந்தால் 30 வருடத்தில் 1 ரூபாய் 7.6 ஆகும். அந்த 7இல் வருடாவருடம் 2 கட்டணமாகப் போய் 5 மட்டும் நின்றால் 4.3தான். யாராவது புது ஃபண்டோடு வந்தால் முதலில் அந்தக் கட்டணம் எவ்வளவு என்று கேள். குறியீட்டு ஃபண்டும் விழும். பாதி விழுந்தால் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும், அதனால் ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை அதில் வைக்காதே. கிரெடிட் கார்டு பாக்கி இன்னும் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை அடை, அந்த வட்டியைத் தாண்டுகிற முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

நீ முதல் சம்பளத்தில் பாதியை என் கையில் வைத்து "நீயே பார்த்துக்கோ" என்றாய். அந்த நம்பிக்கையை நீ திரும்ப எடுத்துக்கொண்டது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பணம் உன்னுடையது. எடுத்துக்கொண்டுபோய் அங்கேயே போட்டாலும் தடுக்க மாட்டேன். என்னையும் போடு என்று மட்டும் இனி கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை அடையாள அட்டையை எடுத்து வா, பாஸ்வேர்டுகளை உட்கார்ந்து மாற்றிவிடலாம். நாமினி என்று இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. அதை உன் மனைவி பெயருக்கு மாற்று. மாற்றியதை அவளிடமும் சொல்.

அக்கா