கொட்டாங்குச்சி கொடுத்தவர்களுக்கும் கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி

அன்புள்ள ஊராருக்கும், வெளியூரிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பள்ளிகொண்டா பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் தண்ணீர்க் குழு சார்பில் இதை எழுதுகிறேன். கொட்டாங்குச்சியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலும் வாயுவாகி, அந்த வாயுவில் இன்ஜின் ஓடி, அந்தக் கரண்டில் குடிதண்ணீர் சுத்தமாகும் நிலையம் இந்தக் கோடையையும் தாண்டிவிட்டது. திறப்பு விழாவில் மாலை வாங்கியவர்களுக்கு அன்றைக்கே நன்றி சொல்லியாகிவிட்டது. மேடைப் பக்கமே வராதவர்கள் நிறையப் பேர். இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

வேலூரைப் பற்றிய பழைய கேலி நமக்கெல்லாம் மனப்பாடம்: சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோட்டைக்குள் 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்கு இன்னும் விடியவில்லை. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தோம், அப்புறம் பழையபடி மணலும் முள்ளும்தான். மணலைக் கையால் பறித்தால் ஊற்று சுரந்த காலத்தை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் தண்ணீர் பல வருடங்களாக நிலத்தில் இறங்கியதில் ஆற்றோரக் கிணறுகள் உப்புக் கரிக்க ஆரம்பித்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியதில் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் இதே ஆற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். அந்த வழக்குகளுக்காக அலைந்தவர்களை எங்களில் யாரும் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்கும் எங்கள் நன்றி.

குடிநீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். எங்கள் போர்வெல் தண்ணீர் அந்த இரண்டாவது அளவையும் தாண்டியது. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின் வைக்கலாம் என்றால், கரண்ட் லைனின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு வெயில் காலத்தில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் நின்றுவிடும். கரண்டை நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படித்தான் தென்னந்தோப்புப் பக்கம் பார்வை போனது.

இனி நன்றிகளுக்கு வருகிறேன். முதல் நன்றி தோப்புக்காரர்களுக்கும் மல்லாட்டை போட்டவர்களுக்கும்.

விவசாயக் கழிவில் மின்சாரம் என்று மனுவில் எழுதிவிட்டோம். ஆனால் நம் ஊரில் எது சும்மா கிடக்கிறது? வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. கரும்புச் சக்கை ஆலையிலேயே கொதிகலனுக்குப் போய்விடும், அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மல்லாட்டைத் தோலைச் சூளைக்காரர்கள் மூட்டைக் கணக்கில் அள்ளிப் போவார்கள். கொட்டாங்குச்சிக்கு அதைவிடக் கிராக்கி. கரி சுடுகிறவர்கள் தோப்புக்கே வண்டி அனுப்புகிறார்கள், அந்தக் கரியிலிருந்துதான் தண்ணீர் வடிகட்டிகளில் போடும் ஆக்டிவேட்டட் கார்பன் தயாராகிறது. ஆக, எங்களுக்கு மூட்டை இறக்கிய ஒவ்வொருவரும் கைக்கு வர வேண்டிய காசை விட்டுத்தான் இறக்கினார்கள். குப்பையைத் தள்ளிவிட்டார்கள் என்று யாராவது பேசினால் அதை நம்பாதீர்கள்.

குடியாத்தத்துக் கொப்பரை வியாபாரி ஐயா ஒருவர் இதை எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். "ஓசியில வாங்காதீங்க தம்பி. ஊர்ப் பாசத்துல முதல் வருஷம் தருவாங்க, அப்புறம் சூளைக்காரன் வண்டி வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். காசு எங்களிடம் இல்லை, தண்ணீர் உண்டு. மூட்டைக்கு இத்தனை குடம் என்று கார்டு போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அவர் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதுதான். நிலையம் இன்றும் ஓடுகிறது என்றால் மெஷினைவிட அந்தக் கார்டுதான் காரணம் என்பது என் கட்சி. குழுவில் மெஷின் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, காட்பாடிப் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர். எரிக்கிறதுதான் எரிக்கிறோம், தண்ணீரையே கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துவிட்டால் ஆர்.ஓ. எதற்கு என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சுதான், உப்பும் பின்னால் தங்கிவிடும், கிருமியும் சாகும். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய் ஆவியாக்க அறுநூறு கிலோகலோரிக்கு மேல் வேண்டும். ஒரு கிலோ கொட்டாங்குச்சியில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம். அடுப்பில் வீணாகிறது போக நாலைந்து லிட்டர் தேறினால் அதிகம். அதே ஒரு கிலோ இன்ஜின் வழியாகப் போனால் ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் கிடைக்கும். சின்ன ஆர்.ஓ. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் கேட்கும். அப்படியென்றால் ஒரு கிலோவில் இருநூறு லிட்டருக்கு மேல். பலகையை அழிக்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், மறுநாள் ஏழாம் வகுப்புக்கு அதுதான் பாடம்.

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் லாரி இன்ஜின் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. கொட்டாங்குச்சியை வாயுவாக்கும் உருளை வந்து இறங்கியபோது நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தோம். அவர் ஒரே பார்வையில், "இது கரி பஸ்ஸுப்பா" என்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸின் பின்னால் கரி உலையைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்களே, அதைத் தன் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறார். தத்துவம் இன்றும் அதுதான். நிறையக் காற்று கொடுத்தால் கொட்டாங்குச்சி எரிந்து சாம்பலாகிவிடும். காற்றைக் கட்டுப்படுத்தினால் ஒரு பகுதி மட்டும் எரியும், அந்தச் சூட்டில் மிச்சம் கரியாகும். தகதகவென்று இருக்கும் கரி வழியாகப் புகை இறங்கும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொஞ்சம் மீத்தேனும் சேர்ந்த எரிவாயு கிடைக்கிறது. அதில் பாதிக்குப் பாதி எரியாத நைட்ரஜன், ஆகவே சமையல் கேஸின் வேகத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. வாயுவோடு வரும் தார் என்ற கறுப்புப் பிசினை எடுக்காவிட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும். அந்த வால்வுகளைக் கழற்றித் துடைத்து மாட்டும் வேலையை எங்கள் பையன்களுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். கூலி என்று டீயும் பஜ்ஜியும் தவிர வேறு எதையும் வாங்கவில்லை. வாங்கச் சொல்லி வற்புறுத்தியபோது கோபம் வந்துவிட்டது, ஆகவே இதையும் எழுதக் கூடாதோ என்னவோ.

ஆற்காட்டு ரைஸ்மில்காரர் ஒருவர் லாரி லாரியாக உமி தருகிறேன் என்று தேடி வந்தார். உமியில் சாம்பல் அதிகம், சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எங்கள் உருளையின் சூட்டில் அது இறுகிக் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும், உமிக்கென்றே வேறு மாதிரி அடுப்பு வேண்டும். மல்லாட்டைத் தோலையே அப்படியே கொட்டினால் கீழே இறங்காமல் பாதியில் நின்றுவிடுகிறது, அழுத்திக் கட்டியாக்கித்தான் போடுகிறோம். இதையெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பினோம். கொடுக்க வந்ததை வேண்டாம் என்றால் மனுஷனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்? வரவில்லை. அடுத்த வாரம் ஆர்.ஓ.வில் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பரேனுக்கான பணத்தைக் கொடுத்தனுப்பினார்.

இப்போது ஊர்க் கூட்டத்தில் எல்லோரையும் வாயடைக்க வைத்த அம்மாவுக்கு. கிழக்குத் தெருவில் கறவை மாடு வைத்திருக்கிறார். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி எல்லாம் விளக்கி முடித்ததும் எழுந்தார். "தோல் பேக்டரிக்காரன் தண்ணிய ஆத்துல விட்டான்னு இவ்ளோ பேசுறீங்க. நீங்க இந்த மெஷின் கழுவுற தண்ணிய எங்க விடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

விலைப்பட்டியல் கொண்டுவந்த கம்பெனி ஆள் அதுவரை இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாயுவைக் குளிரவைத்துத் தாரைப் பிடிக்கும் தண்ணீரில் பீனால் வகை நச்சுச் சரக்குகள் இறங்கும். அது கால்வாயில் போனால் அந்த அம்மாவின் மாடு குடிக்கும். ஆர்.ஓ.வுக்கும் இதே கேள்வி உண்டு. உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் நல்ல தண்ணீராக வராது, மிச்சம் இன்னும் உப்பேறி வெளியே வரும். எல்லா ஊரிலும் தெருமுனை ஆர்.ஓ. இருக்கிறது, அதன் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

திட்டம் அதனால் தள்ளிப்போனது. எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். மாற்றி வரைந்தபடி, கழுவும் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. நடுவில் எங்கள் உருளையிலிருந்தே விழும் கரியைப் போட்ட தொட்டி இருக்கிறது. தாரை உறிஞ்சிக்கொண்ட கரியை மறுபடி உருளைக்குள்ளேயே போட்டு எரித்துவிடுகிறோம். ஆர்.ஓ.வின் உப்புத் தண்ணீரில் ஒரு பகுதி பொதுக் கழிப்பறை கழுவ. மிச்சத்துக்குத் தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத பாத்தி, வேலூர் வெயில் பார்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் பாத்தி காயாது, அப்போது ஆர்.ஓ.வை ஓட்டும் நேரத்தைக் குறைக்கிறோம். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கால்வாயில் விழவில்லை என்று அந்த அம்மாவிடம் எங்களால் சொல்ல முடியும். அவர் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டும் போகிறார்.

இதே கரியைக் குடிதண்ணீர் வடிகட்டியிலும் போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசை குழுவில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையில் வாங்கும் ஆக்டிவேட்டட் கார்பன் நீராவியில், 800, 900 டிகிரிச் சூட்டில் பதப்படுத்தியது. நம் உருளைக் கரியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று சோதிக்காமல் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரில் வைக்கக் கூடாது என்றார். எந்தக் கரியாக இருந்தாலும் கரைந்த உப்பை எடுக்காது, அது மெம்பரேன் செய்கிற வேலை என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டோம். சொந்தச் செலவில் பஸ் பிடித்து வந்து மாதிரி எடுத்துப் போகிறார். சரி என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை.

தீயணைப்புத் துறையில் ஓய்வு பெற்ற ஐயாவுக்கும் நன்றி. கொட்டகைக்கு நாலு பக்கமும் சுவர் எழுப்ப இருந்தவர்களைத் தடுத்து நிறுத்தினார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூடிய அறையில் ஆளையே கொல்லும். இன்று மேலே கூரை மட்டும்தான், சுற்றிலும் கம்பி வலை. வாயு கசிந்தால் கத்தும் கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறோம். பகலில் மல்லாட்டை உடைக்கும் மெஷினும் அதே கொட்டகையில் அதே கரண்டில்தான் ஓடுகிறது, உடைத்ததும் தோல் அங்கேயே விழுந்துவிடும். பணம் கொடுத்தவர்களின் பட்டியல் ஊராட்சி அலுவலகப் பலகையில் முழுமையாக இருக்கிறது, இங்கே திருப்பி எழுதவில்லை.

கடைசியாக, நிலையத்தை ஓட்டும் சுய உதவிக் குழு அக்காக்களுக்கு. கொட்டாங்குச்சியைக் கோயில் களத்தில் உலர்த்துவது, சலித்து மண்ணை எடுப்பது, காலையில் பற்றவைப்பது, இரவு அணைத்துப் பூட்டுவது எல்லாம் அவர்கள்தான். ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டினால் தார் கூடும், வாயு பலவீனமாகும் என்பதால் மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஊராட்சித் தலைவர் வீட்டிலிருந்து வந்த மூட்டையையே ஈரம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவரும் காயவைத்துத் திரும்பக் கொடுத்துவிட்டார், அவருக்கும் நன்றி.

ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகையை நிரப்ப வேண்டும். தர இருப்பவர்கள் காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து கார்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டையில் கல், கயிறு, பிளாஸ்டிக் சேர்க்காதீர்கள். போன லோடில் இடது கால் செருப்பு ஒன்று கிடைத்தது, அக்காக்களிடம் பத்திரமாக இருக்கிறது, உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தண்ணீர்க் குழு சார்பில்,
செயலாளர்