செட்டருக்கு ஒரு கடிதம்

பர்மிங்ஹாம், அலபாமா
21 அக்டோபர் 2025

டேய் மாப்ளே,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, பணம் கேட்கத்தான் என்று நினைத்திருப்பாய். இந்தத் தடவை இல்லை. நேற்று தீபாவளிக்குப் பேசும்போது அக்கா சொன்னாள், உன்னைக் கல்லூரி வாலிபால் டீமுக்குக் கோச்சாகக் கூப்பிட்டிருக்கிறார்களாம், நீயும் தலையாட்டிவிட்டாயாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லாரும் சுகம். எனக்குத் தொப்பை.

விஷயம் என்னவென்றால், நான் சனிக்கிழமைதோறும் போய்த் தொண்டை கிழியக் கத்துகிற எங்கள் யு.ஏ.பி. (பர்மிங்ஹாம் அலபாமா பல்கலைக்கழகம்) அமெரிக்க ஃபுட்பால் டீமின் கோச் ட்ரெண்ட் டில்ஃபரை 12-ம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதற்கு எதற்குடா ஃபுட்பால் என்று பேர்" என்று ஆரம்பிக்காதே. இதில் குவாட்டர்பேக் என்பவன் உன்னை மாதிரி செட்டர். பந்து அவன் கை வழியாகத்தான் போகும். அடித்துப் பேர் வாங்குவது வேறொருவன், திட்டு வாங்குவது இவன்.

டில்ஃபரும் குவாட்டர்பேக்தான். அந்த ஆள் கதையைக் கேள். 1994 டிராஃப்டில், அதாவது தொழில்முறை டீம்கள் கல்லூரிப் பையன்களை வரிசையாகப் பொறுக்கும் நாளில், ஆறாவதாக அவரை எடுத்தது டாம்பா பே டீம். ஆறு சீசன் வைத்திருந்துவிட்டுக் கழற்றிவிட்டது. 2000-ல் பால்டிமோரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பாதி சீசனில் எழுப்பி இறக்கினார்கள். முதல் மேட்ச் தோல்வி. அப்புறம் வரிசையாகப் பதினொரு வெற்றி! கடைசியாகச் சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டியிலும் ஜெயித்தார்கள், அதுவும் அவரை வேண்டாம் என்ற அதே டாம்பா ஊரில், நியூயார்க் ஜயண்ட்ஸை 34-7 என்று அடித்து. ஆனாலும் ஊரே டிஃபென்ஸைத்தான் புகழ்ந்தது. கோப்பை வாங்கிய கையோடு பால்டிமோரும் "போய் வா" என்றுவிட்டது. பிறகு சியாட்டில், கிளீவ்லாந்து, சான் பிரான்சிஸ்கோ என்று பெட்டி தூக்கினார்.

ஆடுவதை நிறுத்திய பிறகு டிவியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். 2019-ல் நாஷ்வில்லில் ஒரு பள்ளி டீமை எடுத்து, 2021, 2022 இரண்டு வருஷமும் மாநிலச் சாம்பியன் ஆக்கினார். அங்கிருந்து நேரே இங்கே ஹெட் கோச். கல்லூரியில் அதற்குமுன் ஒருநாள்கூட கோச்சாக இருந்ததில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து டீம் பார்த்தவன், பெஞ்சில் உட்கார்ந்த பையனின் வயிற்றெரிச்சல் இவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று பக்கத்து சீட்டுப் பாட்டியிடம் பிரசங்கமே பண்ணினேன்.

முதல் வருஷம் 4-8, அதாவது நாலு வெற்றி, எட்டுத் தோல்வி. அடுத்தது 3-9. இந்த வருஷம் ஆறில் நாலு தோல்வி. போன வருஷம் ஒரு தோல்விக்குப் பிறகு பத்திரிகைக்காரர்களிடம், இது ஒன்றும் அலபாமா இல்லையே என்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அந்த அலபாமா பல்கலைக்கழக டீம் இருக்கும் டஸ்கலூசா இங்கிருந்து ஒரு மணி நேரம். அந்தப் பெரிய டீமின் நிழலில் கிடக்கிற ஊர் இது. 2014-ல் இந்த டீமையே மூடிவிட்டு, ஊர் கொதித்தெழுந்த பிறகு 2017-ல்தான் மறுபடி களத்தில் இறக்கினார்கள். பாட்டி அன்றோடு பச்சைத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தவள்தான்.

அவர்மேல் மட்டும் பழி போடவும் மனசு வரவில்லை. 2021 முதல் பையன்கள் ஒரு வருஷம் வெளியே உட்காராமலே வேறு கல்லூரிக்குத் தாவலாம், விளம்பரத்துக்குத் தங்கள் பேரை விற்றுப் பணமும் வாங்கலாம். அந்தக் காலத்தில் டீம்கள் இவரைக் கழற்றிவிட்டன. இப்போது பையன்களே கோச்சைக் கழற்றிவிடுகிறார்கள்.

ஆனால் 18-ம் தேதி நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. உதவிக் கோச் அலெக்ஸ் மார்டென்சன் தற்காலிகமாகப் பொறுப்பேற்று ஆறே நாள். தரவரிசையில் 22-ம் இடத்திலிருந்த மெம்ஃபிஸை 31-24 என்று சாய்த்தார்கள். அதே பையன்கள்டா! பாட்டி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது.

அந்த ராத்திரி உன் ஞாபகம் வரவில்லை. நேற்று அக்கா சொன்ன பிறகுதான் வந்தது. செட் பண்ணும்போது பந்தை விட்டான் என்று அந்த ஒல்லிப் பையனிடம் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாயே. அவன் அப்புறம் கிரவுண்டு பக்கமே வரவில்லை. உன் கைக்குத் தானாக வருவது அவன் கைக்கு ஏன் வரவில்லை என்று உனக்குப் புரியவே இல்லை. எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது பதினைந்து ஒல்லிப் பையன்கள் உன் முன்னால் வந்து நிற்பார்கள். பயமாக இருக்கிறது மாப்ளே.

கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். ஆனால் டீமை நீதான் பொறுக்குவாயா, இல்லை கரஸ்பாண்டென்ட் மச்சான் மகன் முதலிலேயே உள்ளே வந்துவிடுவானா என்பதைச் சேருமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

பொங்கலுக்கு வருகிறேன். ஷூ சைஸ் இன்னும் ஒன்பதுதானே?

உன்
தொப்பை