பல்டிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள கோச் சாருக்கும், ஜிம்மில் கூட நின்ற எல்லாருக்கும்,

பேக் டக், அதாவது முழங்காலை மார்போடு சுருக்கிப் பின்பக்கமாக அடிக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பல்டி, இப்போது யார் கையும் படாமல் வருகிறது. அது என் கால் வலுவால் மட்டும் வந்ததில்லை என்பது ஊரறிய இருக்கட்டும் என்றுதான் இந்த மடல்.

சார், பல்டி கற்றுக்கொடுங்கள் என்று வந்தவனை நீங்கள் மல்லாக்கப் படுக்க வைத்தீர்கள். கீழ்முதுகு தரையோடு ஒட்டியிருக்க வேண்டும், கைகள் காதோரம் நீண்டிருக்க வேண்டும், தோளும் காலும் மட்டும் சற்று எழும்ப வேண்டும். 'ஹாலோ' என்ற அந்த நிலை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்திலேயே வயிறு நடுங்க ஆரம்பித்துவிடும். வாரக்கணக்கில் அதையே செய்யச் சொன்னபோது எரிச்சல்கூட வந்தது. ஓடிவந்து கையூன்றிப் பக்கவாட்டில் சுழன்று, இரண்டு காலையும் சேர்த்து இறங்கும் ரவுண்ட்-ஆஃப் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. தோளால் தரையைத் தள்ளும் நேரத்தில் உடம்பு தொளதொளவென்று இருந்தால், ஓடிவந்த வேகமெல்லாம் அங்கேயே செத்துவிடுகிறது.

அப்புறம் தலை. பின்பல்டி என்றாலே தலையைப் பின்னால் வீசத்தான் யாருக்கும் தோன்றும். வீசினால் மார்பு சாய்ந்து உயரம் போய்விடும். நீங்கள் எதிர்ச்சுவரில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, "கால் தரையை விடுறவரைக்கும் கண்ணு அங்கேயே இருக்கட்டும். கை மேல போகட்டும். முழங்கால்தான் மார்புக்கு வரணும், மார்பு முழங்காலைத் தேடிப் போகக் கூடாது" என்றீர்கள். 2019 உலகப் போட்டியில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் தரைப் பயிற்சியில் இரண்டு சுற்றும் மூன்று முறுக்கும் ஒரே தாவலில் போட்ட வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினீர்கள். தரையை விட்டபிறகு கோண உந்தத்தை, அதாவது உடம்பில் ஏற்றிக்கொண்ட சுழல் விசையின் அளவை, கூட்டவே முடியாது, உடம்பைச் சுருக்கிச் சுழற்சியை வேகப்படுத்தலாம், அவ்வளவுதான். மதிப்பெண்ணுக்காகப் படித்த அந்த இயற்பியல் பாடம் இப்போதுதான் உடம்பில் ஏறியது.

ஸ்பாட்டிங் செய்த, அதாவது விழாமல் பக்கத்தில் நின்று தாங்கிப் பிடித்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கை இடுப்புக்குப் பின்னால், இன்னொரு கை தொடைக்குக் கீழே. முதலில் முழுதாகத் தூக்கிச் சுற்றிவிட்டீர்கள். பிறகு உள்ளங்கை, பிறகு வெறும் விரல் நுனி. "நான் தூக்கலப்பா, சும்மா தொட்டுட்டு நிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவே இல்லை. கையை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் பெரிய வித்தை என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு தாவலையும் ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொடுத்த தம்பிக்கும், மணிக்கட்டு வலிக்கு ஊசி மாத்திரை என்று போகாமல், கையில் மெல்ல மெல்லப் பாரம் ஏற்றப் பழக்கிய பிசியோதெரபிஸ்டுக்கும் நன்றி. தடிமனான மெத்தையை இழுத்துவந்து போட்டுவிட்டு, "அங்கிள், பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்ன வாண்டுகளுக்கும்தான். சரி, அந்த 'அங்கிளை' மட்டும் விட்டுவிடலாம்.

அடுத்தது லேஅவுட், உடம்பைச் சுருக்காமல் நேராக நீட்டியபடி அடிக்கும் பல்டி. அக்கா, அந்த வாரம் பார்த்து லீவு போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவன்